யார் யாரைப் பொறுக்கச் சொல்வது?

(கொச்சி மட்டாஞ்சேரியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'துன்பமும் மன அமைதியும்: ஸ்டோயிக் தத்துவத்தின் பார்வை' என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். ஏதென்ஸ் நகரத்துத் தூண்களிலிருந்து பேச்சைத் தொடங்குவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் ஒரு சரக்குக் கிடங்கிலிருந்து தொடங்குகிறேன். மிளகும் ஏலமும் சுக்கும் மணக்கும் தெருவுக்கு வந்துவிட்டு வேறு எங்கிருந்து தொடங்குவது?

கி.பி. 192ஆம் ஆண்டு, குளிர்காலம் முடியும் நேரம். ரோம் நகரில் பெருந்தீ பிடித்தது. நகரின் நடுவே 'புனித வீதி' என்ற சாலையை ஒட்டிச் சேமிப்புக் கிடங்குகள் இருந்தன. மிளகுக் கிடங்கு என்றே பெயர்பெற்ற ஒன்றும் அந்த வட்டாரத்தில்தான் இருந்தது. அதைக் கட்டியவர் டொமிஷியன் என்ற பேரரசர். கேலன் என்ற மருத்துவர் தம் உடைமைகளில் விலைமதிப்புள்ள எல்லாவற்றையும் அங்கே ஓர் அறையில் வாடகைக்கு வைத்திருந்தார். வாடகை அதிகம். ஆனாலும் கதவைத் தவிர மரமே இல்லாத கட்டடம், பக்கத்தில் குடியிருப்பு இல்லை, அரசு ஆவணங்களும் அங்கே இருந்ததால் படைவீரர் காவல் வேறு. இதைவிடப் பாதுகாப்பான இடம் ரோமிலேயே இல்லை என்று நம்பித்தான் பணத்தைக் கொட்டினார். எல்லாம் எரிந்து போயிற்று. தங்கம், வெள்ளி, தாமே வடிவமைத்த அறுவைக் கருவிகள், ஆண்டுக்கணக்காகச் சேர்த்த மருந்துச் சரக்குகள், கிடைத்தற்கரிய இலவங்கப்பட்டை, எல்லாவற்றுக்கும் மேலாகத் தம் கையால் எழுதிய நூல்கள். கோடை தொடங்கியதும் படிகளை வேறு ஊருக்கு அனுப்ப எண்ணியிருந்தார். தீ முந்திக்கொண்டது.

அதே தீயில் நூல்களை இழந்த ஓர் இலக்கண ஆசிரியர் மனம் உடைந்து, உடல் தேய்ந்து இறந்தே போனார் என்று கேலன் எழுதுகிறார். இவரோ வழக்கம்போல் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். சொந்த ஊர் நண்பர் ஒருவர் வியந்து, 'உம்மால் மட்டும் எப்படி முடிகிறது?' என்று கேட்டு எழுதினார். அதற்குப் பதிலாகக் கேலன் எழுதிய சிறுநூல்தான் 'துயரின்மை பற்றி'. நூற்றாண்டுகளாகத் தொலைந்ததாகக் கருதப்பட்டு, 2005இல் கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரத்து மடாலயம் ஒன்றின் சுவடியில் கிடைத்தது.

அந்த நூலில் எனக்குப் பிடித்த இடம் அவருடைய துணிவு பேசும் இடமன்று. ஸ்டோயிக் ஆசிரியரான மியூசோனியஸ் ரூஃபஸ், 'கடவுளே, எந்தச் சோதனையை வேண்டுமானாலும் அனுப்பு' என்று வேண்டுவாராம். கேலன் அதை நினைவுகூர்ந்துவிட்டு, தம்மால் அப்படி வேண்ட முடியாது என்கிறார். உடல்நலம் கெடாமல் இருக்கட்டும், அப்படிப்பட்ட சோதனை வராமலே இருக்கட்டும் என்பதுதான் அவர் வேண்டுதல். காசு போனால் கவலையில்லை, பட்டினி கிடக்கும் அளவுக்குப் போகாதவரை. எந்த வலியிலும் கலங்க மாட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன் என்கிறார். இப்படி எல்லையைச் சொல்லிவிட்டுப் பேசும் மனிதரை நம்பலாம்.

அவர் இழந்த சரக்கில் இந்தக் கரையின் மிளகும் இருந்ததா என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ரோமின் மிளகுக்கு இந்தக் கரைதான் தாய்வீடு. இதே எர்ணாகுளம் மாவட்டத்தில், வடக்குப் பரவூர் அருகே பட்டணம் என்னும் சிற்றூரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் ரோமானிய மதுக்குடுவைத் துண்டுகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. சங்கப் பாடல்களின் முசிறி அதுதான் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். முசிறியிலிருந்து சென்ற ஹெர்மபோலன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு எழுதிய பாப்பிரஸ் தாள் வியன்னாவில் இருக்கிறது, அது கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஸ்டோயிக் தத்துவம் அரண்மனைவரை ஏறியிருந்த காலம் அது. எனவே இன்று நான் பேசப்போகும் பெயர்கள் உங்களுக்கு அவ்வளவு அயலாரல்லர், பழைய வாடிக்கையாளர்கள்.

தத்துவத்தின் வரலாற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். நிறுவனரான ஸீனோ சைப்பிரஸ் தீவுக்காரர், வணிகர். ஊதாச் சாயம் ஏற்றி வந்த கப்பல் உடைந்து, ஏதென்ஸில் கரையேறி, புத்தகக் கடை ஒன்றில் சாக்ரடீஸைப் பற்றிக் கேட்டு மயங்கித் தத்துவத்துக்கு வந்தவர் என்று பழைய வரலாறு சொல்கிறது. கி.மு. 300ஐ ஒட்டித் தூண் மண்டபம் ஒன்றில் பாடம் சொன்னார். அந்த மண்டபத்தின் பெயரே தத்துவத்துக்கும் ஆயிற்று. சரக்கை இழந்த வணிகர் தொடங்கி வைத்த தத்துவம் என்பதை இந்த ஊரில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது? அவருக்கு மூன்றரை நூற்றாண்டுக்குப் பின் வந்த எபிக்டெட்டஸ் அடிமையாகப் பிறந்தவர், கால் ஊனமானவர். அவர் தம் கைப்பட எதையும் எழுதி வைக்கவில்லை. மாணவர் ஆரியன் குறித்து வைத்ததே நமக்குக் கிடைத்திருக்கிறது. உலகில் சில நம் கையில் இருக்கின்றன, சில இல்லை. நம் எண்ணம், விருப்பம், முடிவு ஆகியவை நம் கையில். உடல், சொத்து, பதவி, பிறர் சொல் ஆகியவை நம் கையில் இல்லை. இந்தக் கோட்டைத் தெளிவாகக் கிழித்துக்கொண்டவனுக்கு அமைதி உண்டு. அவருடைய பாடத்தின் நடுநாடி இதுதான்.

இதைக் கேட்டதும் ஸ்டோயிக் என்றால் கல்நெஞ்சன் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது தவறு. தம் நண்பர் லூசிலியஸுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் ரோமானிய ஸ்டோயிக் எழுத்தாளர் செனெகா, அழுதால் தவறில்லை, அழுகையைக் காட்சிப்பொருளாக்காதே என்கிறார். சொல்லிவிட்டு, அன்னயஸ் செரீனஸ் என்ற நண்பன் இறந்தபோது தாமே அளவின்றி அழுததை ஒப்புக்கொள்கிறார். துயரத்திடம் தோற்றவர்கள் பட்டியலில் என்னையும் சேர்த்துக்கொள் என்கிறார். இன்னொரு செய்தி. பிற்காலத்தில் பேரரசரான மார்க்கஸ் அவ்ரேலியஸ் இளைஞராக இருந்தபோது, தம்மை வளர்த்த ஆசிரியர் இறந்ததற்காக அழுதார். அரண்மனைப் பணியாளர்கள் அடக்கப் பார்த்தார்கள். அப்போதைய பேரரசர் அன்டோனைனஸ், 'விடுங்கள், அவன் மனிதனாக இருக்கட்டும். தத்துவமோ ஆட்சியோ பாசத்தை எடுத்துவிடாது' என்ற பொருளில் சொன்னாராம்.

இதுவரை சொன்னது எந்தப் பாடநூலிலும் கிடைக்கும். எனக்கு ஒரு கேள்வி நெடுநாளாக இருக்கிறது. 'இது உன் கையில் இல்லை, பொறுத்துக்கொள்' என்று யார் யாரிடம் சொல்கிறார்கள்?

மார்க்கஸ் அவ்ரேலியஸின் நூலை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று விமான நிலையக் கடையிலும் விற்கிறது. அவருக்குப் பத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். பாதிக்கு மேல் சிறு வயதிலேயே இறந்தார்கள். நாட்டில் கொள்ளைநோய், வடக்கு எல்லையில் ஓயாத போர். படைமுகாம்களிலும் இருந்து அவர் எழுதிய குறிப்புகள் அவை. அந்த நூல் முழுக்க 'நீ, நீ' என்று ஒருவரை அதட்டுகிறார். அந்த 'நீ' அவரேதான். பிள்ளையை இழந்த குடியானவன் எவனிடமும் போய் அவர் அதைப் படித்துக் காட்டவில்லை. அதுதான் அந்த நூலின் மதிப்பு என்று நினைக்கிறேன்.

எதிர்ப்பக்கம் செனெகாவின் இன்னொரு எழுத்து. கார்சிகாத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டிருந்தபோது, தம்பியை இழந்த பொலிபியஸுக்கு ஓர் ஆறுதல் நூல் எழுதி அனுப்பினார். பொலிபியஸ் பேரரசர் கிளாடியஸின் அலுவலகத்தில் செல்வாக்குள்ளவர். துயரத்தை விடு என்று தொடங்கும் நூல், பேரரசரைப் புகழ்ந்து புகழ்ந்து, எப்படியாவது என்னைத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள் என்ற மனுவாகவே நீள்கிறது. அறிவுரைக்குள் அறிவுரை சொல்பவரின் காரியம் ஒளிந்திருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. அடிமைகள் விஷயமும் அப்படித்தான். அடிமையும் மனிதனே, அவனோடு அமர்ந்து உண் என்று எழுதியவர் செனெகா. அக்காலத்துக்கு அது பெரிய வார்த்தை. ஆனால் அவர் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். அடிமை முறையே வேண்டாம் என்று ஸ்டோயிக்குகள் இயக்கம் எதுவும் நடத்தவில்லை. உள்ளத்தால் நீ விடுதலை பெற்றவன் என்று எபிக்டெட்டஸ் சொன்னால் அது சாதனை. எபிக்டெட்டஸை விலைக்கு வாங்கியவன் சொன்னால் அது வேறு.

இனி இந்தத் துறைமுகத்துக்கு வருவோம். வயதானவர்கள் சிலருக்குச் 'சாப்ப' என்ற சொல் நினைவிருக்கும். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலைக்கு விடியற்காலையில் நூற்றுக்கணக்கான ஆட்கள் கூடுவார்கள். வேலை கொஞ்சம், ஆள் அதிகம். ஒப்பந்தக்காரரின் கங்காணி உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே அள்ளி வீசுவான். விழுந்து புரண்டு, முழங்கையால் இடித்து, மிதித்து எவன் கையில் வில்லை சிக்குகிறதோ அவனுக்கு அன்று வேலை. அதாவது அன்று அடுப்பு எரியும். மற்றவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் ஒரு ஸ்டோயிக் நின்றால் என்ன சொல்லியிருப்பார்? வில்லை கிடைப்பது உன் கையில் இல்லை; கிடைக்காதபோது கலங்காமல் இருப்பது உன் கையில். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. தனி ஆளாக நிற்கும்வரை உண்மை. 1953இல் அந்தத் தொழிலாளிகள் இந்த வில்லை வீச்சே கூடாது என்று வேலைநிறுத்தம் செய்தார்கள், வாரக்கணக்கில் நீண்டது. செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. சைது, சைதாலவி, ஆன்டணி என்ற மூவரை இந்த ஊர் இன்றும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறது. 1959இல் கொச்சித் துறைமுகத் தொழிலாளர் வேலைவாய்ப்பை ஒழுங்குபடுத்தும் திட்டம் வந்தது. கே.எம். சிதம்பரன் இதை 'துறமுகம்' என்று நாடகமாக்கினார். அதை வைத்து ராஜீவ் ரவி எடுத்த திரைப்படம் 2023இல் வெளிவந்தது. பார்க்காதவர்கள் பாருங்கள், வில்லை வீசும் காட்சிக்காகவாவது.

ஒருவன் கையில் இல்லாத ஒன்று, ஆயிரம் பேர் சேர்ந்தால் அவர்கள் கைக்கு வந்துவிடுகிறது. எபிக்டெட்டஸின் கோடு அப்படியே நிற்பதில்லை; நகர்கிறது. அவருடைய பாடத்தில் இந்த நகர்வுக்கு இடம் குறைவு. அது அவர் காலத்தின் குறை என்று விட்டுவிடலாம். இன்று மன அழுத்தத்துக்கு மருந்து என்று ஸ்டோயிக் தத்துவத்தைப் பயிற்சி வகுப்பாக விற்கும் அலுவலகங்களை அப்படி விட முடியவில்லை. பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்குபவரே, உன் உள்ளத்தை அமைதியாக வைத்துக்கொள் என்று வகுப்பும் எடுக்கிறார்.

நம் வள்ளுவர் இந்த இடத்தில் மிகக் கவனமாக இருந்திருக்கிறார். 'இடுக்கண் அழியாமை' என்று ஓர் அதிகாரம் உண்டு. துன்பம் வரும்போது கலங்காதே, முடிந்தால் சிரி என்று சொல்லும் அதிகாரம். ஸ்டோயிக்குகள் படித்திருந்தால் தங்களுடையது என்றே உரிமை கொண்டாடியிருப்பார்கள். அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 63ஆம் அதிகாரம். அதற்கு முன்னால் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை. முயற்சி செய், சோம்பாதே, விதியே எதிர்த்தாலும் உழை என்று முப்பது குறள்கள் சொல்லி முடித்த பிறகுதான், இத்தனைக்குப் பிறகும் துன்பம் வந்தால் கலங்காதே என்கிறார். இந்த நான்கும் இருப்பது அரசியல் என்ற பகுதியில். உரைகாரர் கணக்குப்படி இவை அரசனுக்குச் சொல்லப்பட்டவை. ஆள்பவனைப் பார்த்துப் பொறுத்துக்கொள் என்கிறார் வள்ளுவர். பிச்சைக்காரனைப் பற்றி அவர் பேசும் இடம் வேறு: 'இரவச்சம்' என்னும் 107ஆம் அதிகாரம். இரந்துதான் ஒருவன் உயிர்வாழ வேண்டும் என்றால் உலகத்தைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று சபிக்கிறார். பசித்தவனிடம் மன அமைதி பற்றி அவர் பாடம் நடத்தவில்லை. இருவருக்கும் ஒரே அறிவுரையை அவர் எடுத்து நீட்டாததை இன்னும் கொஞ்சம் கொண்டாடலாம்.

கணியன் பூங்குன்றனார் எப்போது வருவார் என்று சிலர் காத்திருப்பது தெரிகிறது. ஆற்றில் மிதக்கும் தெப்பம்போல வாழ்வு ஊழின் வழியே போகிறது என்ற அவர் பார்வை ஸ்டோயிக் பார்வைக்கு மிக நெருக்கம்தான். ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறேன். அந்தப் பாட்டு முடிவது எங்கே? பெரியோரைக் கண்டு வியக்கவும் மாட்டோம், சிறியோரை இகழவே மாட்டோம் என்ற நிமிர்வில். அதை மறந்துவிட்டு முதல் அடியை மட்டும் மேடைதோறும் எழுதி மாட்டுகிறோம்.

துக்கத்தைப் பற்றிப் பேச எனக்கு வேறு ஒரு புறநானூற்றுப் பாட்டு வேண்டும். இந்தச் சேர நாட்டு மன்னர் ஒருவர் பாடியது. பெயர் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. பாட்டின் எண் 245. மனைவி இறந்து, சுடலையில் தீமூட்டிவிட்டு வந்த பின் பாடியது. என் துயரம் பெரிது என்கிறீர்கள், அவ்வளவு பெரிதானால் அது என் உயிரைக் கொண்டுபோயிருக்க வேண்டுமே. நான் இன்னும் இருக்கிறேனே, இது என்ன துயரம் என்று கேட்கிறார். உயிரோடு இருப்பதே அவருக்கு வெட்கமாக இருக்கிறது. செனெகா என்றால், காலம் எப்படியும் ஆற்றிவிடும், நீயே முந்திக்கொண்டு ஆறிவிடு என்பார். மாக்கோதையிடம் அதைச் சொல்ல நாக்கு எழுமா? அவருக்கு ஆறுவதுதான் அச்சம். மனைவியை இழந்தவரோடு பேசியிருப்பவர்களுக்கு இது தெரியும். தேறிவிட்டால் இறந்தவருக்குத் துரோகம் செய்துவிட்டதுபோல் ஒரு கூச்சம் வரும். ஸ்டோயிக் நூல்கள் துயரத்தின் வலியை நன்றாக அறிந்தவை. இந்தக் கூச்சத்துக்கு அவற்றில் இடம் கண்டதாக எனக்கு நினைவில்லை. தொகுத்தவர்கள் இந்தப் பாட்டை அறிவுரை எதுவும் ஒட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

மாக்கோதைக்கு எரிப்பதற்கு ஓர் உடலாவது இருந்தது. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகம். அங்கே கட்டிக் கிடக்கும் ஆழ்கடல் படகுகளில் பல கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுடையவை. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று அடுத்தடுத்துள்ள கடற்கரை ஊர்களின் ஆட்கள். சுறாவுக்கும் சூரைக்கும் கடலில் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்பவர்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி முனையைத் தொட்டுச் சென்றபோது இவர்களில் பலர் நடுக்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை கரையில் ஒலித்தது. அவ்வளவு தொலைவில் இருந்த படகுகளுக்கு அதைக் கொண்டுசேர்க்கும் கருவி எதுவும் படகில் இல்லை. தமிழ்நாடு, கேரளம் இரண்டிலுமாக நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. பலருடைய உடல் கிடைக்கவே இல்லை.

ஸ்டோயிக் பயிற்சிகளில் ஒன்று, வரக்கூடிய கேட்டை முன்கூட்டியே மனத்தில் நிகழ்த்திப் பார்ப்பது. குழந்தையை முத்தமிடும்போது இவன் சாகக்கூடியவன் என்று நினைத்துக்கொள் என்று எபிக்டெட்டஸ் சொல்கிறார். தூத்தூர்ப் பெண்களுக்கு இந்தப் பயிற்சி வகுப்பு தேவையில்லை. கணவனும் மகனும் கடலுக்குள் போகும் ஒவ்வொரு முறையும் அது தானாகவே நடக்கிறது. அவர்களுக்குத் தெரியாமலிருந்தது வேறொன்று: போனவர் இறந்தாரா, இல்லையா. எது நடந்தது என்று தெரிந்தால்தான் எது நம் கையில் இல்லை என்று கோடு போட முடியும். மாலத்தீவுப் பக்கம் ஒதுங்கியிருப்பாரோ, வேறு நாட்டுக் கப்பல் ஏற்றியிருக்குமோ என்று ஒவ்வொரு தொலைபேசி மணிக்கும் மனம் எழும்போது எந்தத் தத்துவமும் செயல்படாது.

அதற்கு மேல் சட்டம். அப்போது நடப்பிலிருந்த 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவின்படி, காணாமற் போனவரைப் பற்றி ஏழாண்டு செய்தி இல்லையென்றால்தான் அவர் இறந்தவராகக் கொள்ளப்பட்டார். உடல் இல்லாத வீட்டில் அழவும் வழியில்லை, இறப்புச் சான்று இல்லாததால் உதவித்தொகைக்கும் வழியில்லை. இந்தக் காத்திருப்பை ஒக்கியில் தொலைந்தவர்களுக்குத் தளர்த்த வேண்டும் என்று கரையூர்கள் கேட்டன. அரசுகள் பின்னர் இறங்கி வந்தன. கேட்டதால் வந்தன என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2017 டிசம்பரில் ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். பெண்கள் பெருமளவில் இருந்தார்கள். அவர்களிடம் போய், புயல் உங்கள் கையில் இல்லை அம்மா என்று யாராவது சொல்லியிருந்தால், தேடும் கப்பல் உங்கள் கையில்தானே இருக்கிறது ஐயா என்றுதான் பதில் வந்திருக்கும். கொடுங்கல்லூர் அம்மனைக் கண்ணகி என்று வழங்கும் மரபு உள்ள மாவட்டங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறோம். துயரம் நீதி கேட்கப் புறப்படும் என்பதை இளங்கோவடிகளுக்கு இந்த மண்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். சினம் என்பது சிறு பைத்தியம் என்று மூன்று புத்தகம் எழுதிய செனெகாவைப் பாண்டியன் அவையில் கண்ணகிக்கு எதிரே நிறுத்திப் பார்க்க எனக்கு எப்போதும் ஆசை.

ஒக்கிக்குப் பிறகு, தொலைவில் இருக்கும் படகுகளுக்கு நாவிக் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி சேர்க்கும் கருவிகளை இஸ்ரோ உருவாக்கிக் கொடுத்தது. சில நூறு படகுகளுக்கு அவை வழங்கப்பட்டன. கோடு மறுபடியும் கொஞ்சம் நகர்ந்தது. இன்னும் போதாது.

இனி உடல் வலி. ரோட்ஸ் தீவில் போசிடோனியஸ் என்ற ஸ்டோயிக் ஆசிரியர் மூட்டு வலியில் படுத்திருந்தார். ரோமானியத் தளபதி பாம்ப்பி அவரைக் கேட்க வந்தபோது படுத்தபடியே பாடம் நடத்தினார்; வலி ஏறும்போதெல்லாம், 'வலியே, நீ என்ன செய்தாலும் உன்னைத் தீமை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்' என்று அதட்டினாராம். ரோமானிய எழுத்தாளர் சிசெரோ இதை வியந்து எழுதுகிறார். எனக்கும் வியப்புதான். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்லும் உரிமை படுத்திருந்தவருக்கு மட்டுமே உண்டு. பாம்ப்பி அதைச் சொல்லியிருந்தால் கொடுமை.

இந்தியாவில் அந்தக் கொடுமை நடந்தது, காகிதத்தின் வழியாக. 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. நோக்கம் நல்லதே. ஆனால் மார்ஃபின் என்ற வலி மருந்துக்கு உரிமம் மேல் உரிமம், முத்திரை மேல் முத்திரை என்று ஆயிற்று, தவறினால் சிறை. மருத்துவமனைகள் வாங்குவதையே நிறுத்தின. 1997க்குள் நாட்டின் மருத்துவப் பயன்பாடு 97 விழுக்காடு சரிந்து, ஆண்டுக்கு 18 கிலோ என்ற அளவுக்கு வந்தது. அந்த மருந்துக்கான அபினியை விளைவித்து உலகுக்கு ஏற்றுமதி செய்த நாடும் இதுதான். புற்றுநோய் முற்றிய லட்சக்கணக்கானவர்கள் அந்த ஆண்டுகளில் கதறி இறந்தார்கள். அவர்களைச் சுற்றி நின்றவர்கள், வலியைத் தாங்கத்தான் வேண்டும், எல்லாம் விதி என்றிருப்பார்கள். விதியன்று, ஒரு படிவம்.

அதை மாற்றத் தொடங்கியவர்கள் இந்த மாநிலத்தில் இருந்தார்கள். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் எம்.ஆர். ராஜகோபால், கே. சுரேஷ்குமார் ஆகிய மருத்துவர்களும் நண்பர்களும் சேர்ந்து வலி, தணிப்புச் சிகிச்சைக்கான சங்கத்தைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் மலப்புறம் பக்கம் அது அண்டைவீட்டார் வலையாக விரிந்தது: கடைக்காரர், ஆசிரியர், ஆட்டோ ஓட்டுநர், குடும்பத் தலைவி எனச் சாதாரணமானவர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு, படுத்துக் கிடப்பவர்களின் வீடுகளுக்குச் செவிலியரோடு போனார்கள். 2008இல் கேரள அரசு தணிப்புச் சிகிச்சைக்கெனக் கொள்கையை அறிவித்தது. இந்திய மாநிலங்களில் அதுவே முதல். 2014இல் நாடாளுமன்றம் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்கியது. இருபது ஆண்டுக்கு மேல் அலுவலகப் படியேறியவர்களின் பொறுமை அதற்குப் பின்னால் இருக்கிறது. பொறுமை என்ற சொல்லை நான் மனமொப்பிப் பயன்படுத்துவது இந்த இடத்தில்தான்.

வலி தணிந்த பிறகு நோயாளிகள் என்ன பேசுகிறார்கள் என்று இப்பணியில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். மகளின் கல்யாணம், அடைக்காத கடன், பேச்சை நிறுத்திய தம்பி, சாவு வலிக்குமா என்ற கேள்வி. அதாவது எபிக்டெட்டஸின் கணக்கு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. எது இனி என் கையில் இருக்கிறது, எதை விட்டுவிடலாம் என்று அந்த மனிதரே யோசிக்க அப்போதுதான் மனத்துக்கு இடம் கிடைக்கிறது. வலியில் துடிப்பவருக்கு அந்தக் கோட்டைப் பார்க்கக் கண் திறக்காது. அவருக்காக நாம் அதைக் கிழித்துக் கொடுக்கவும் கூடாது.

ஸ்டோயிக் தத்துவத்தை நான் தள்ளிவிடவில்லை. எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது நல்ல நூல். மார்க்கஸ் அப்படித்தான் பயன்படுத்தினார். பிறருக்குச் சொல்ல வேண்டி வந்தால், அதற்கு முன் நம் பங்குக்கு என்ன செய்தோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிறைவாக ஒரு விண்ணப்பம். கேரளத்தில் உள்ளாட்சிகள் வழியாகத் தணிப்புச் சிகிச்சைக்கான வீட்டுச் சேவை நடக்கிறது. செவிலியர் வருகிறார், புண்ணுக்குக் கட்டு மாற்றுகிறார், மருந்து தருகிறார். இந்த மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களில், 'வெளி' என்னும் பகுதியில் துணி வெளுத்து ஓய்ந்தவர்கள், சந்தையில் மூட்டை சுமந்து ஓய்ந்தவர்கள் எனப் படுக்கையில் கிடக்கும் முதியோர் இருக்கிறார்கள். வெளியே மலையாளம் தாராளமாகப் பேசியவர்களுக்கும் கடைசிக் காலத்தில் தாய்மொழிதான் வாயில் வருகிறது. செவிலியரோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் பேச ஆள் வேண்டும். தத்துவம் தெரிந்திருக்கத் தேவையில்லை. உங்கள் வார்டு உறுப்பினரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டால் பயிற்சி எங்கே என்று சொல்வார்கள். இந்த அரங்கிலிருந்து இருவர் மூவர் பெயர் கொடுத்தாலும் போதும். அடுத்த ஜனவரி 15, கேரளம் தணிப்புச் சிகிச்சை நாளாகக் கடைப்பிடிக்கும் நாள். அதற்குள் கொடுத்துவிடுங்கள்.